நியாயமான விலை இல்லை, ஆனால் ஏற்கலாம்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என் அப்பா, எங்களுடைய பங்குகளை வாங்க வந்திருந்த மிஸ்டர் ஓங். வராதவள் என் தங்கை தேன்மொழி.

போட்ட பணத்தில் முக்கால்வாசி அவளுடையது.

ஜொகூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறாள். அன்று அவளுக்கு ஓவர்டைம். "நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணே, உங்க பேர்லதானே இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்கள் எல்லாமே என் பெயரில்தான் இருக்கும். முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான் அல்லவா?

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு ரிங்கிட் பெறுமானமுள்ள பங்கு ஐம்பது சென்னுக்குக் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டே இருப்பேன். கிடைத்தால் வாங்கு, பிறகு பொறுமையாக இரு... இதை எத்தனை வாரம் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்? எழுதிய அதே கை அன்று மிஸ்டர் ஓங் நீட்டிய விற்பனைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது.

கதை மூன்று வருடங்களுக்கு முன் தொடங்குகிறது.

பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் தேனும் பிறந்த தோட்டம் அது. கிள்ளானுக்கு வந்து லோரி ஓட்டுவதற்கு முன்னால் அப்பா அங்கேதான் குலை வெட்டினார்.

அந்த நிலத்துக்குக் கணக்கில் போட்டிருந்தது ஆதி காலத்து விலை. சுற்றிலும் நெடுஞ்சாலையும் வீடமைப்பும் வந்துவிட்டன. பக்கத்து நிலங்களின் விலையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பங்கு ஒன்றுக்கு ஆறு ரிங்கிட் வந்தது. சந்தையில் விலை இரண்டு ரிங்கிட்.

என்னிடம் ஆறாயிரம் ரிங்கிட் இருந்தது. தேனிடம் கேட்டேன். கிள்ளானில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாங்க, ஓவர்டைம் காசைச் சேர்த்து வைத்திருந்தாள். பதினெட்டாயிரம். ஒரு கேள்வி கேட்கவில்லை, அனுப்பிவிட்டாள். மொத்தம் பன்னிரண்டாயிரம் பங்குகள்.

அப்பாவிடம் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தத் தோட்டத்துலயா? நம்மளா?"

"கொஞ்சம்தான்பா."

"கொஞ்சம்னா எவ்வளவுடா? ஒரு மரம் வருமா?"

"ஒரு மட்டை வரும்" என்றார் அம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

அடுத்த வருடம் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம், கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில். என் சார்பில் கலந்துகொள்ளும் பிரதிநிதியாக அப்பாவைப் பதிவுசெய்தேன். அவர் முன்வரிசையில், நான் விருந்தினராகப் பின்னால். என் கோட்டு அவருக்குத் தோளில் கொஞ்சம் தொங்கியது.

கேள்வி நேரம் வந்தது. நாலைந்து பேர் டிவிடென்ட் ஏன் குறைவு, வந்தவர்களுக்குக் கொடுத்த பையில் ஏன் ஒரே ஒரு எண்ணெய் பாக்கெட் என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு பார்த்தால், அப்பாவின் கை மேலே இருக்கிறது.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலாய் மொழியில் கேட்டார். பழைய டிவிஷன் லயத்துக்குப் போகிற வழியில் ஒரு மரப்பாலம் உண்டு, மழை வந்தால் முழுகிவிடும், அதைச் சரிசெய்தாயிற்றா?

அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். கம்பெனித் தலைவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. முன்னால் குனிந்து, "நல்ல கேள்வி, துவான்" என்றார். "கட்டாயம் கவனிக்கிறோம். நன்றி, துவான்."

துவான். ஐயா என்று அர்த்தம்; வேலை பார்த்த காலமெல்லாம் மேனேஜரைப் பார்த்து அப்பா சொன்ன சொல். அது அவரைப் பார்த்து வந்தது அன்றுதான்.

ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினோம். அப்பா எண்ணெய் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கா கோட்டு போட்டுக்கிட்டுப் போனீங்க?" என்றார். அதற்கும் அப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அறிவிப்பு வந்தது. கம்பெனியின் பெரும்பங்கை வைத்திருந்த குடும்பம் மீதிப் பங்குகளையும் வாங்கிக்கொள்ள முன்வந்தது. பங்கு ஒன்றுக்கு மூன்று ரிங்கிட். அதாவது முப்பத்தாறாயிரம். போட்டதைவிடப் பன்னிரண்டாயிரம் அதிகம். அதோடு ஓர் ஆலோசகரின் அறிக்கையும் தபாலில் வந்தது. அதன் முடிவு: இது நியாயமான விலை இல்லை, ஆனால் ஏற்கலாம்.

நம் நாட்டில் இப்படி எழுதுவது வழக்கம்தான். நிலத்தின் மதிப்போடு பார்த்தால் விலை குறைவு. ஆனால் ஏற்காவிட்டால், நாளை இந்தப் பங்கை விற்கச் சந்தையே இருக்காது. அதனால் வாங்கிக்கொள். இதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார்.

"நியாயம் இல்ல, ஆனா வாங்கிக்கோ. சம்பளத்தன்னிக்கு கணக்கெழுதுற கிராணி இதத்தானேடா சொல்வாரு."

"அப்பா, ரெண்டு வெள்ளிக்கு வாங்கினதுக்கு மூணு வெள்ளி நல்ல லாபம்."

"உன் கணக்குல எவ்வளவு?"

"ஆறு."

"அப்புறம் என்ன? ஒரு தடவ அந்தத் தோட்டத்த விட்டுட்டு லோரியில ஏறி வந்தாச்சு. இன்னொரு தடவ பாதி விலைக்கு விட மாட்டேன். மொதல்ல அந்தப் பாலத்த சரி பண்ணட்டும்."

"பாலத்துல உங்க மக குடியிருக்கப் போறாளா?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி.

அதே வாரம் தேன் கூப்பிட்டாள். "அண்ணே, குடுத்துடுங்க லா. அபார்ட்மென்ட்டுக்கு புக்கிங் போட்டுட்டேன். ரெண்டு மாசத்துல டவுன் பேமென்ட் கட்டணும்."

"பாத்துக்கிறேன்" என்றேன்.

நான் என்ன பார்த்தேன்? ஆறு ரிங்கிட் என்ற என் கணக்கைப் பார்த்தேன். மறுப்பவர்கள் நிறையப் பேர் இருந்தால் விலையை ஏற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நாம அந்தத் தோட்டத்துக்கு யாரும் இல்லப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெடு முடிந்தது. சம்மதப் பாரம் மேசையிலேயே கிடந்தது.

விலையை ஏற்றவில்லை. கம்பெனி பங்குச் சந்தையிலிருந்து விலகியது. ஒரு திங்கட்கிழமை காலை, என் போன் ஆப்பில் விலை இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. டிவிடென்டும் நின்றது. தேனின் புக்கிங் வேறு யாருக்கோ போனது. இன்றுவரை ஜொகூரில் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாள்.

என் கணக்கு தப்பா? இல்லை, நிலத்தின் மதிப்பு இன்றும் ஆறுதான், கூடவும் இருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணியவன், சாவி யாரிடம் என்று பார்க்கவில்லை. நம் கைக்கு வராத மதிப்பை வைத்து ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது.

இன்னொரு கேள்வி, இதுதான் அதிகம் உறுத்துகிறது. அதே எண்கள், அதே விலை, ஆனால் தோட்டம் பகாங்கில் எங்கோ இருந்திருந்தால் வாங்கியிருப்பேனா? வாங்கியிருந்தால், மூன்று ரிங்கிட் வந்தபோது யோசித்திருப்பேனா? மறுநாளே பாரத்தை அனுப்பிவிட்டுப் பசியாறப் போயிருப்பேன். இப்போதெல்லாம் எந்தப் பங்கை வாங்குவதற்கு முன்னாலும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் முன்னேறியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். இந்தப் படிப்பின் செலவைக் கட்டியவள்தான் வேறு ஆள்.

சந்தையில் இல்லாத பங்கை யார் வாங்குவார்? ஒரு வருடம் தேடி மிஸ்டர் ஓங்கைப் பிடித்தேன். இப்படி அநாதையான பங்குகளை வாங்கி வைத்துப் பத்து வருடம்கூடக் காத்திருப்பவர். பங்குக்கு ஒரு ரிங்கிட் இருபது சென் தந்தார். பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

பதினாலாயிரத்து நானூறு. முழுவதையும் தேனுக்கே அனுப்பினேன். அவள் போட்டதே வரவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கெடச்சிருச்சு அண்ணே. அப்பா சாப்பிட்டாங்களா?"

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தபடி அப்பா நின்றார். "அந்தப் பாலத்த சரி பண்ணிட்டாங்களாடா?"

"தெரியலப்பா."

அதைக் கேட்கும் உரிமையைத்தான் சற்று முன் மாடியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

மூன்று ரிங்கிட்டுக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்க வேண்டியதற்கும், வந்ததற்கும் வித்தியாசம் இருபத்தோராயிரத்து அறுநூறு ரிங்கிட். தலைவர் அப்பாவைத் துவான் என்று அழைத்தது இரண்டு முறை.

ஒரு துவானுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு.