சிவப்பு மையில் அடித்த கட்டம்

பழைய எலெக்ட்ரானிக் சாமான் எடுக்கிறவர் நேற்று எங்கள் தெருவுக்கு வந்தார். பரணில் கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினேன். கொடுப்பதற்கு முன், ஓடுகிறதா என்று ஒருமுறை சொருகிப் பார்த்தேன். எதையும் கழித்துக் கட்டும் முன் அது கழிக்கத் தகுந்ததுதான் என்று உறுதி செய்ய வேண்டும். சித்தூரில் வருவாய்த் துறையில் தலை நரைத்தவனுக்கு இந்தப் புத்தி போகாது. உள்ளே சின்ன விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. சூடான தூசி வாடை அடித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடைக்கு என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

அந்தப் பெட்டி என் தம்பி தனபாலுடையது. பங்காருபாளையம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வரைபடம் போடுகிறவனாக இருந்தான். ஆலை கைமாறியது, ஆளைக் குறைத்தார்கள், அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். தெருவுக்கு இரண்டு பேர் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம். மஸ்கட்டில் பழச்சாறு ஆலை கட்டும் கம்பெனி ஒன்று இவனுக்கு ஒரு பரீட்சை வைத்தது. கட்டப்போகும் ஆலைக்குள் ஒருவன் நடந்து போவதுபோலக் கம்ப்யூட்டரில் படம் செய்து, புதன்கிழமை நம் நேரம் மாலை ஆறரைக்குள் அனுப்ப வேண்டும். அதன்பின் பட்டியலை மூடிவிடுவார்கள்.

"இத வுட்டா அவ்ளோதாண்ணா. நாப்பது ஆயிட்டா எவன் விசா குடுப்பான்?" என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு.

அந்தப் படத்தை ஓட்ட அவன் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. படத்துக்கென்றே தனியாக உள்ளே மாட்டும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். நான் வாங்கினால் முறைப்படிதான். சொந்தத் தம்பிக்கு, சொந்தப் பணத்தில், மூன்று கொட்டேஷன். சித்தூரில் ஒன்று, திருப்பதியில் இரண்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். மெமரி எத்தனை எம்பி, எத்தனை பிட், விலை என்ன. இதில் 'பிட்' என்ற கட்டத்தைத் திருப்பதி பாஸ்கர் ஒருவர்தான் நிரப்பியிருந்தார்: 128. மற்ற இருவரும் காலியாக விட்டிருந்தார்கள். எல்லோரும் சொல்லாததை வைத்து ஒப்பிடக் கூடாது என்பது விதி. அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் அடித்தேன். மிஞ்சியது எம்பியும் விலையும். பாஸ்கருடையது 256. சித்தூர்க் கடையுடையது 512, விலையும் குறைவு. இதற்குமேல் ஓர் அதிகாரிக்கு என்ன வேண்டும்?

"ண்ணா, அந்த பிட்டு இன்னான்னு கேட்டுக்கினு அப்பாலிக்கா வாங்கலாமே."

"ரெண்டு பேரு எழுதாதத வெச்சி ஒருத்தன எப்டிடா ஒசத்துறது? ஆடிட்ல நிக்காது."

"ஆடிட் யாருண்ணா பண்ணப்போறது? அண்ணியா?"

செவ்வாய்க்கிழமை 512-ஐ மாட்டினோம். புதன் காலை படத்தை ஓட்டினான். ஆலை வாசல்வரை நன்றாக நடந்தது. உள்ளே, பளபளக்கும் எவர்சில்வர் தொட்டிகளும் நிழல்களும் வந்ததும் படம் நின்று நின்று தாவியது.

"குடிச்சவன் நடக்கிற மாதிரி கீதுண்ணா," என்று மவுசிலிருந்து கையை எடுத்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். திட்டியிருக்கலாம்.

அப்போது மணி பத்து. கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். பாஸ்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க படம் எத்தினி எம்பி சார்?"

"நூத்தம்பது இருக்கும்."

"அப்ப அஞ்ஞூத்திப் பன்னெண்டு இன்னாத்துக்கு? கோடவுன் பெருசு, கேட்டு சின்னது. இது அறுவத்தி நாலு பிட்டு சார். ஒரே நேரத்துல எத்தினி வண்டி உள்ள பூருதுன்றதுதான் பிட்டு. மெமரியும் பழைய டைப்பு. வண்டியும் மெல்லதான் போவும்."

எனக்கு மூக்கில் புளித்த மாம்பழ வாடை ஏறியது. டெபுட்டி தாசில்தாராக இருந்தபோது ஒரு மாங்காய் சீசனில், இதே போன்ற ஆலை ஒன்றின் வாசலில் எனக்கு டூட்டி போட்டிருந்தார்கள். ரோட்டில் இரண்டு நாளாக டிராக்டர்கள் நின்றன. பழம் அழுகிச் சாறு ஒழுகியது. விவசாயிகள் என் சட்டையைப் பிடிக்காத குறை. உள்ளே போய்ப் பார்த்தால் கிடங்கு பாதிக்குமேல் காலி. கேட்டில் ஒரு வண்டிதான் நுழையும். 'கிடங்கின் கொள்ளளவில் குறையில்லை, வாயிலின் அகலமே குறை' என்று நானே அறிக்கை எழுதி, பாராட்டும் வாங்கினேன். அதே கைதான் இந்தக் கட்டத்தை அடித்தது.

"அந்த நூத்தி இருபத்தெட்டக் குடுங்க."

"இன்னும் ரெண்டு கொட்டேஷன் வாணாமா சார்?" என்று பாஸ்கர் சிரித்தார். பில்கூட வாங்காமல் ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி வாங்கிய முதல் பொருள் அது.

வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அன்றைக்குக் கேட் என்று எதைக் கண்டாலும் எனக்கு ஆகவில்லை. வீடு சேர மணி நான்கு. மாட்டி, ஓட்டி, பதிவு செய்ய ஐந்தரை. தொட்டிகளுக்கு நடுவே படம் தண்ணீர் போல நகர்ந்தது. பென் டிரைவோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். படம் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. ஆறு பத்து. ஆறு இருபது.

"போச்சாடா?"

"போய்க்கினே கீதுண்ணா. நீ மூச்சு வுடு."

ஆறு இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் தம்பியும் மஸ்கட் போய்ச் சேர்ந்தான்.

முதலில் ஒவ்வொரு மாங்காய் சீசனுக்கும் வந்தான். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிள்ளைகள் அங்கே படிக்க ஆரம்பித்த பின் அதுவும் இல்லை. அவன் முன்பு வேலை செய்த பங்காருபாளையம் ஆலை இன்று கல்யாண மண்டபம். பாஸ்கர் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட இப்போது ஆபீசில் ஆளில்லை. என்னைப் பார்த்து "ஆடிட் அண்ணியா?" என்று கிண்டல் பண்ணவும் வீட்டில் ஆளில்லை. கட்டத்தை அடித்தது தப்புதான், எழுதியே தருவேன். ஆனால் அவன் அறையைப் பெருக்கிப் பூட்டும்போது, அந்த 512-இல் தாவிய படத்தையே அனுப்பச் சொல்லியிருக்கலாமோ, இங்கேயே இருந்திருப்பானோ என்று தோன்றும்.

சாமான்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பெட்டியோடு பரணிலிருந்து இறக்கி மேஜைமேல் தனியாக வைத்திருந்த 512 கார்டைக் காட்டி, "இது உடைசல்தான சார்?" என்றார்.

"அது இருக்கட்டும்பா. அதோட ஃபைல இன்னும் மூடல," என்றேன்.