மூன்றாவது திருப்பம்

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பாக்கியலட்சுமி மிஸ்ஸி இதை ஒரு முறைகூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. தேதியும் மணியும் அவள் கைப்பட எழுதிய பிரசவப் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன.

1957, அக்டோபர் 19, சனிக்கிழமை. வெள்ளைக்காரனிடமிருந்து மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

காஜா பெராங் ஊரில் மருத்துவச்சி என்றால் அவள்தான்; எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. சொந்தமாக ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்தாள். ரேடியோ பழுது பார்க்கும் அவள் தம்பி நல்லையா, அன்றைக்குத்தான் அதில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தியிருந்தான். சண்டைக் காலத்து விமானத்திலிருந்து கழற்றியது. ரேடியோவும் திசைகாட்டியும் ஒன்றாக இருக்கும். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, முள் அந்தப் பக்கம் சாயும்.

பெட்டியைத் திருகியதும் மெல்லிய சத்தம் வந்தது. பீப்... பீப்... பீப்...

"அக்கா, ரஷ்யாக்காரன் மேல விட்டிருக்கானே குட்டி நிலா, அதுதான். பாரேன், ஒருநாள் இந்த மாதிரி நிலாவே மேலேர்ந்து வழி சொல்லும். நாம காடியை மட்டும் ஓட்டுனா போதும்."

"எனக்கு வழி தெரியும்லா. நீ வயரை ஒழுங்கா கட்டு."

மாலை 5.40. சைக்கிளில் நனைந்துகொண்டு சுப்பையன் வந்து நின்றான். செங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன்.

"மிஸ்ஸி, எம் பொஞ்சாதி அஞ்சலைக்கு வலி கண்டிருச்சி. பிள்ளைக்குக் கால் முதல்ல வருதாம்... சீக்கிரம் வாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு அவனும் ஏறிக்கொண்டான்.

6.21. செங் தாண்டியதும் பெரிய சாலையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. தோட்டத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். சுப்பையன் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவன். உள்வழி அவனுக்குத் தெரியாது. மழை. இருட்டத் தொடங்கிவிட்டது. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி ரப்பர் மரங்கள்.

பெட்டி தானாகவே கரகரத்தது. பீப்... பீப்...

பிறகு ஓர் ஆணின் குரல். தமிழில்.

"வலது பக்கம் திரும்பு."

முள் வலப்பக்கம் சாய்ந்தது. அங்கே ஒரு மண்பாதை இருந்தது. தம்பியின் வேலையாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பினாள்.

6.27. "கோயிலைத் தாண்டி இடது பக்கம்."

சின்ன முனியாண்டி கோயில் ஒன்று வந்தது. இடப்பக்கம் பாதையும் இருந்தது. திரும்பினாள்.

6.33. "இடது பக்கம் திரும்பு."

வண்டியை நிறுத்தினாள்.

விளக்கு வெளிச்சத்தில் இடப்பக்கம் அகலமான செம்மண் பாதை. மேடு பள்ளம் இல்லை. ஆனால்... மழை கொட்டுகிறது. அந்த மண்ணில் மட்டும் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை.

"திரும்புங்க மிஸ்ஸி. ரெண்டு தடவையும் சரியாத்தானே சொல்லிச்சி?"

"சொல்றது யாருன்னு தெரிஞ்சிச்சா உனக்கு?"

"இடது பக்கம் திரும்பு. நேரம் ஆகிவிட்டது."

பாக்கியலட்சுமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"துரை கை காட்டுன பக்கம் திரும்புன காலம் போச்சி. பொட்டிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு நீ சொல்லுவே, நான் கேக்கணுமா? ஸ்டீரிங் என் கையிலலா இருக்கு!"

பீப் நின்றது.

"அஞ்சலை செத்துவிடுவாள்."

சுப்பையன் அலறிக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தான். அவன் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். நேராக விட்டாள் வண்டியை.

"திரும்பு."

ஒற்றைக் கையால் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். முள் செத்து விழுந்தது.

"திரும்பு..."

இப்போது குரல் பெட்டியிலிருந்து வரவில்லை.

பின்சீட்டிலிருந்து வந்தது.

ஈர மண் வாடை. கழுத்துக்குப் பின்னால் சில்லென்ற மூச்சு.

"திரும்பு..."

அவள் வண்டியையும் திருப்பவில்லை. கழுத்தையும் திருப்பவில்லை.

"மாட்டேன்டா!"

6.49. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து விளக்குகள் தெரிந்தன. கழுத்துக்குப் பின்னாலிருந்த அந்த மூச்சு நின்றுவிட்டது.

7.26. பெண் குழந்தை. கால் முதலில் வந்து, நீலம் பாரித்து, இரண்டு தட்டுத் தட்டிய பிறகு வீறிட்டு அழுதது. அஞ்சலையும் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை திரும்பும்போது அந்த இடத்தில் பாக்கியலட்சுமி இறங்கிப் பார்த்தாள். செம்மண் பாதை எதுவும் இல்லை. கைவிட்ட கல் குவாரி. செங்குத்தான பள்ளம் நிறையக் கறுத்த தண்ணீர். விளிம்பில் நின்று காறித் துப்பிவிட்டு வண்டி ஏறினாள். பின்னும் ஒன்பது வருடம் அதே வழியில்தான் பிரசவம் பார்க்கப் போனாள்.

நல்லையா அப்படியெல்லாம் எந்தக் குரலையும் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தான்.

பத்து நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை மிஸ்ஸி, நீங்க முன்னாலயே ஒரு ஆளை அனுப்புனீங்க."

"ஆளா? நான் யாரையும் அனுப்பலையே."

"ஆறே கால் இருக்கும். வாசல்ல வந்து நின்னாரு. 'பெரிய ரோட்டுல மரம் விழுந்திருச்சி, மிஸ்ஸி எந்த வழியா வரணும்'னு கேட்டாரு. நான்தான் சொன்னேன். முதல்ல வலது பக்கம், அப்புறம் கோயிலைத் தாண்டி இடது பக்கம், அப்புறம் நேரா வந்தா லயம்னு..."

பக்கத்து வீட்டு மல்லிகா குறுக்கிட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க அஞ்சலையின் தலைமாட்டிலேயே இருந்தவள் அவள். வாசலுக்கு யாரும் வரவில்லை, வலி தாங்காமல் இவள்தான் காலியான வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்றாள்.

"இல்லக்கா, நின்னாரு," என்றாள் அஞ்சலை. "போறப்போ சிரிச்சாரு மிஸ்ஸி. 'இந்த ரெண்டு போதும், மூணாவது திருப்பத்தை நான் சொல்லிக்கிறேன்'னாரு."