நாலும் போச்சு

குமணன்சாவடியில் பஷீருதீன் பாய் ஷெட்டுக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. ஆயில் சீல், ரப்பர் ஹோஸ், கிளிப் விற்கிறேன். பதினெட்டு வருடமாக அவர் முகத்தில்தான் விழிக்கிறேன். அதனால் அவரைப் பற்றி நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

நல்லது, அவர் கை. நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டிகளுக்கு ஆவடி வரைக்கும் அவர்தான் வைத்தியர். கெட்டது, "தெரியாது" என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வராது.

அந்த வண்டிகளில் சிலவற்றுக்கு இரும்புச் சுருள் ஸ்பிரிங், அதாவது காயில், கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் பை, உள்ளே காற்று. காற்றை ஏற்றினால் வண்டி உயரும், இறக்கினால் தாழும். பை கசிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் பாய் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நாலும் போச்சு. நம்ம ரோட்டுக்கு காத்து தாங்காது. காயில் போட்டுடலாம்." காற்றுப் பையை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் சமாச்சாரம் அவருக்குப் பிடிபடவில்லை, அதுதான் விஷயம். காயில் போட்ட பிறகு டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் வெள்ளானூர் பாண்டியன் வண்டிக்கும் இதே வைத்தியம். பாண்டியன் இரண்டு டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லாரிக்காரர் புத்தி, பேட்டரி முதல் ஸ்டெப்னி வரை எல்லாவற்றிலும் வண்டி நம்பரை மஞ்சள் பெயிண்டில் எழுதிவைப்பார். காற்றுப் பைகளைக்கூட விடவில்லை. அன்று கசிந்தது பின்பக்க இடது பை ஒன்றுதான். பாய் நாலும் போச்சு என்றார். நல்லதாக இருந்த மூன்றையும் பரணில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்துக் கடைக்காரரிடம் நமக்கென்ன வம்பு என்று வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் பாண்டியன் டிப்பர் மேலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இரண்டு காலும் போய்விட்டன. இந்த வருடம் ஒரு நாள் அவர் மனைவி கிருஷ்ணப்பிரியா அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"பாய், காத்து இருந்தப்ப வண்டி கீழ எறங்குமே, ஞாபகம் கீதுல்ல? அது இருந்தா அவரு சக்கர நாற்காலிலருந்து தானே நகந்து சீட்டுக்குப் போயிடுவாரு. இப்ப ரெண்டு ஆளு தூக்கணும். என்னை மூட்டையாட்டம் தூக்காதீங்கன்னு சொல்லி எட்டு மாசமா ஊட்ட உட்டு வெளிய வரல. ஜன்னலாண்டயே ஒக்காந்துகினு கீறாரு. திரும்ப காத்தே போட்டுக் குடுங்க. புதுசு நாலு வாங்க எனக்கு வழியில்ல. பழசு எங்கனா கெடைக்குமா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. பாய் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். பைகளை இறக்கிக் கொடுத்தால் பொய் வெளியே வரும், பதினெட்டு வருடப் பெயர் போகும். கொடுக்காவிட்டால் ஒரு மனிதன் ஜன்னலோரமே கிடப்பான்.

"பாக்கறேம்மா," என்றார்.

பன்னிரண்டு நாள் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. அம்பத்தூரில் ஒரு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, "எனக்குத் தெரியாது நைனா, சொல்லிக் குடு," என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். கழற்றின பல்பை மாட்டினார். கசிந்த பைக்குப் பதில் புதிது ஒன்று என் மூலமாக வாங்கினார். மற்ற மூன்றையும் பரணிலிருந்து இறக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அதற்கப்புறம் பெட்ரோலில் நனைத்த துணியோடு ஷெட்டுக்குப் பின்னால் போனார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பரில் பெட்ரோல் படக்கூடாது என்று ரப்பர் விற்கிற எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தத் துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வண்டி தயாரானதும் பாண்டியனைச் சக்கர நாற்காலியோடு ஒரு மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சாமான் இறக்குவது போல இறக்கினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கிருஷ்ணப்பிரியா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, பாய் காட்டிக்கொடுத்த சுவிட்சை அழுத்தினாள். முதலில் வண்டி முழு உயரத்துக்கு எழுந்தது. இந்தப் பைகள் காற்று இல்லாதபோது சட்டைக் கை போல மடிந்துகொள்ளும், ஏற ஏற மடிப்பு பிரியும். பாய் துடைத்தது மடிப்புக்கு மேலே தெரிந்ததை மட்டும். நின்றுகொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு எதுவும் படவில்லை. நாற்காலியில் தாழ்வாக இருந்தவருக்குச் சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளி நேர் எதிரே இருந்தது.

"பாய், கொஞ்சம் குனிங்க," என்றார் பாண்டியன்.

பாய் குனிந்தார். நானும் குனிந்தேன். கறுப்பு ரப்பரில் மஞ்சளாக நாலு எண்களின் கீழ்ப்பாதி.

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒண்ணுதான் போயிருந்துச்சா?"

பாய் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கிவிட்டது.

"கன்னாபின்னான்னு திட்டணும் போல கீது பாய்," பாண்டியன் மெதுவாகத்தான் பேசினார். "இன்னா பண்றது? நாளைக்கு காத்து எறங்கினா உங்ககிட்டதான வரணும். வேற எவன் இதுல கை வெப்பான்? திட்டக்கூட வழியில்லாம பண்ணிட்டீங்களே."

பிறகு மனைவியிடம் உரக்கச் சொன்னார்: "எறக்கு பிரியா."

வண்டி இறங்கியது. பாண்டியன் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தார். "யாரும் தொடாதீங்க." கையை ஊன்றி, பல்லைக் கடித்து, நகர்ந்து நகர்ந்து சீட்டில் உட்கார்ந்தார். கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

பாய் மறுபக்கம் சுற்றிப் போனார். போகாமல் இருந்திருக்கலாம், பாண்டியன் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

"அம்மா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். ஒண்ணுதான் போச்சு. மூணு நல்லாதான் இருந்துச்சு. இதுங்க அந்த மூணுதான்."

கிருஷ்ணப்பிரியா அவரைப் பார்த்தாள். "எட்டு மாசம் பாய்," என்றாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பாய் சோப்புத் தண்ணீர் வாளியோடு வெள்ளானூர் போகிறார். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் அவரால் போகாமல் இருக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து நாலு பையையும் பார்த்துவிட்டு வருகிறார். கிருஷ்ணப்பிரியா கேட்டைத் திறந்துவிடுகிறாள். "வாங்க" என்று இன்றுவரை சொன்னதில்லை.

போன மாதம் நானும் கூடப் போனேன். எனக்கும் சொல்லவில்லை.