காலியாகப் போன இரண்டு அடுக்குகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிபன் கேரியர் இருக்கிறது. எவர்சில்வர், நான்கு அடுக்கு. பிடியின் வளைவில் மட்டும் கொஞ்சம் கறுப்பு ஏறியிருக்கும். அவ்வப்போது அதை இறக்கிக் கழுவித் துடைத்து, அடியிலுள்ள இரண்டு அடுக்குகளில் ஒரு கை சர்க்கரையைப் போட்டு மூடி மறுபடி மேலே ஏற்றிவிடுவேன். சர்க்கரை இருக்கிற இடத்துக்கு எறும்பு வராமல் இருக்குமா? போன வாரம் மருமகள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "யாருக்கு அத்தை இந்தச் சீரு? எறும்புக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். வாயாடி என்று மூன்று தெருவில் பேர் வாங்கியவள் நான். யார் என்ன சொன்னாலும் பத்திரப்படுத்தி வைத்து, வேண்டிய இடத்தில் எடுத்து விடுகிறவள். இந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேச மட்டும் நாக்கு எழாது.

தொண்ணூறுகளில் நாங்கள் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். நான் கீழக்கரைப் பாய் ஒருவரின் தையல் கடையில் பெண்களின் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மிச்சமெல்லாம் மனுஷர்கள் பேசக் கேட்டுச் சேர்த்ததுதான். பாயின் வாயிலிருந்தே ஒரு மூட்டை சேர்த்திருப்பேன். கடைக்கு எதிர் மாடியில் ஒரே அறையிலிருந்து ஆள்மேல் ஆளாக இறங்கி டூட்டிக்குப் போவதை நான் வாய்பிளந்து பார்த்தபோது அவர் சொன்னார்: "கல்ஃபுல ஒரு ரூமுல எத்தன பேருன்னு கேக்கலாம் தங்கச்சி. ஏன்னு கேக்கப்படாது."

அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகையால் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. மலையாளிகள் ஜெபித்து முடித்து வெளியேறிய ஹாலில், அவர்கள் உட்கார்ந்த சூடு ஆறாத நாற்காலிகளில் எங்கள் தமிழ் லுத்தரன் சபை கூடும். எங்கள் வழக்கில் குருவானவரை ஐயர் என்போம். எங்கள் ஐயர் ஊரில் குருப்பட்டம் பெற்றவர். வார நாட்களில் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வருவார். கல்யாணம் ஆகாதவர். ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்திய டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரோடு எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அந்தப் பாட்டுக்காரரை நான் தம்பி என்று கூப்பிடுவேன். ஐயரின் அங்கியை இஸ்திரி போட்டு, கசங்காமல் கையில் தொங்கவிட்டு எடுத்துவருவது தம்பிதான். பிரசங்கம் நீண்டுவிட்டால் ஆர்மோனியத்தின் துருத்தியைத் தொட்டு ஒரு முனகல் கொடுப்பார். ஐயர் சிரித்துவிட்டு, "மேலிடத்து உத்தரவு வந்தாச்சு, ஆமென்" என்று முடிப்பார். சபையே சிரிக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஐயருக்கு முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மதியச் சாப்பாடு போகும். நான்கு அடுக்கில் இரண்டு பேருக்கு. யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே பழகியிருந்தது. பாத்திரம் சாயங்காலம் கழுவித் திரும்பி வரும்போது அதில் ஏதாவது இருக்கும். ஒரு பிடி பேரீச்சம்பழம், கொஞ்சம் திராட்சை, ஒன்றும் இல்லாவிட்டால் சர்க்கரை. "வந்த பாத்திரத்த வெறுசா அனுப்பக்கூடாதும்மா. அது நம்ம வீட்டப் பத்திப் போய்ச் சொல்லிடும்" என்பார் ஐயர். எனக்குக் கரு கலைந்து படுத்துக் கிடந்தபோது முறை தலைகீழாகி, தம்பி வைத்த மிளகு ரசம் இதே கேரியரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஐயர் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல், நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அவர்கள் இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை எல்லோருமாக மடித்து, அடியில் வைத்திருந்தோம்.

அந்த மடிப்பைப் பிரிக்க ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் சபைத் தலைமை அவரை வளைகுடா முழுக்கச் சுற்றிவர அனுப்பியிருந்தது. ஆராதனை முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். "வெளிநாட்டு லுத்தரன் சபைகள்ல ஒரு பெரிய சர்ச்சை ஓடுது. ஆணும் ஆணுமா சேந்து வாழ்ற குருமார் பலிபீடத்துல நிக்கலாமான்னு. ஒருத்தர் நிக்கலாங்கிறார், இன்னொருத்தர் பட்டத்தையே பிடுங்குறார். நம்மள்ல அப்படி யாரும் இல்லன்னு சபைக்குச் சபை கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க." பிறகு ஐயர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டக் கெஞ்சினார். "உங்க கூட இருக்கிறவர் ரூம்மேட்தானே ஐயரே? ரூம்மேட்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. டீயக் குடிச்சிட்டுக் கிளம்பிடுறேன்."

என் வீட்டுக்காரர் சபைச் சங்கத்தில் இருந்தவர். அவர் முந்திக்கொண்டு, "ரூம்மேட்தான் ஐயா. கல்ஃபுல ரூம்மேட் இல்லாதவன் யாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது. தம்பி ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ஐயர் அவரை ஒரு தடவை பார்த்தார்.

"ரூம்மேட்னா வாடகையில பாதி குடுக்கிறவர். இவர் எனக்கு அது இல்லீங்க ஐயா. அப்படிச் சொல்லிட்டு இதே கையால திருவிருந்து அப்பத்த எடுத்துக் குடுக்க என்னால முடியாது."

யாரும் கத்தவில்லை. எங்கள் சபை மூத்தவர் ஒருவர், "ஒரு பொய்தானே ஐயரே, எங்களுக்காகச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். மேய்ப்பனைப் பார்த்து மந்தை பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சியது அங்கேதான் நடந்திருக்கும். "இது வெளிய போச்சுன்னா விசா குடுத்த கஃபீலே அத வெட்டிடுவான், ஹாலையும் பூட்டிடுவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எங்களுக்கு வந்த கோபம், அப்படி வெட்டவும் பூட்டவும் விடுகிற சட்டத்தின் மேல் வரவில்லை. எங்களிடம் மறைக்காத மனுஷன் மேல்தான் வந்தது. தலைமையிடமிருந்து முடிவு வரும்வரை அவர் அங்கி போடக் கூடாது என்று பெரியவர் சொன்னார். ஐயர் தலையசைத்தார். டீ ஆறிப்போயிருந்தது.

அடுத்த வெள்ளி என் முறை. கத்தரிக்காய்க் குழம்பும் மீன் வறுவலும் செய்திருந்தேன். வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஐயரப் பட்டினி போட நாம யாரு? குடுத்தனுப்பு. ஆனா ஒருத்தருக்கு மட்டும் வை. ரெண்டு பேருக்கு வச்சா நாம ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." மறுத்துப் பேச என்னிடம் சொலவடைக்கா பஞ்சம்? ஒன்றுகூட எடுக்கவில்லை. இரண்டு அடுக்கில் ஒருவருக்கு அளந்து வைத்தேன். மற்ற இரண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடியை மாட்டினால் அது நிற்கவில்லை. நான்கு அடுக்கு உயரத்துக்கென்று செய்த பிடி, இரண்டு அடுக்கில் லொடலொடவென்று ஆடியது. எனவே காலி அடுக்குகளை அடியில் கொடுத்து, மேலே சாப்பாட்டை வைத்துப் பூட்டினேன். பார்க்க எப்போதும் போலவே இருந்தது. தூக்கியபோதுதான் கனம் தெரிந்தது.

சாயங்காலம் தம்பி கேரியரோடு வந்தார். வழக்கமாக உள்ளே வந்து பிள்ளைகளைச் சீண்டிவிட்டுப் போகிறவர், அன்று வாசலிலேயே நின்றார். "அக்கா, கத்திரிக்கா நல்லா இருந்துச்சு" என்றார். ஒருவர் சோற்றை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். வாங்கியபோது பாத்திரம் கையை இழுத்தது. "கீழ ரெண்டு அடுக்கு காலியா இருந்துச்சுக்கா. அக்கா அவசரத்துல மறந்திருப்பாங்க, வெறுசாப் போகக்கூடாதுன்னு ஐயர் சொன்னாரு. அதான் கொஞ்சம் நேரமாயிடுச்சு." அவர் போன பிறகு திறந்தேன். மேலே பேரீச்சம்பழம். அதற்கடுத்ததில் திராட்சை. அடியில் நான் காலியாக அனுப்பிய இரண்டிலும் விளிம்புவரை கேசரி, இன்னும் சூடாக. பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள். வீட்டுக்காரரும் ஒரு வாய் போட்டு, "நெய் தாராளமா விட்டிருக்கான்" என்றார். குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தொடவில்லை. என் பாத்திரம் அங்கே போய் என் வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தது. அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, அக்கா மறந்துவிட்டாள் என்று எனக்காகவும் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தனக்காகச் சொல்ல மறுத்த பொய்யை ஐயர் எனக்காகச் சொன்னார்.

தலைமையிலிருந்து முடிவு வந்தது. பட்டம் போயிற்று. ஈஸ்டருக்கு முன்பே ஐயர் ஊருக்கு விமானம் ஏறினார். அவர் டாக்சி தையல் கடையைத் தாண்டிப் போனபோது நான் கத்தரிக்கோலோடு உள்ளேயே நின்றேன். "ஒங்க ஐயரு போறாரே, போயி ஒரு வார்த்தை சொல்லலியா?" என்றார் பாய். "வெட்டின துணி கெடக்கு பாய்" என்றேன். "துணி எங்கயும் ஓடாது தங்கச்சி" என்றார். நான் நகரவில்லை. தம்பி ஒப்பந்தம் முடிகிறவரை இருந்துவிட்டு அவரும் கிளம்பினார். அதன் பிறகு ஆர்மோனியத்தைத் தொட ஆளில்லை. வெகுகாலம் கழித்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இரண்டு பேரையும் பார்த்ததாக, அந்நாளில் எங்கள் சபைக்கு வந்த ஒரு நர்ஸம்மா சொன்னாள். தலையெல்லாம் நரைத்து, வாழைப்பழத்துக்கு விலை பேசி ஒருவரையொருவர் கடிந்துகொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டபோது வந்தது சந்தோஷம்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கில்லை.

இப்போது மகள் இருக்கிற வெளிநாட்டு ஊரில், அவள் போகிற லுத்தரன் கோயிலின் குருவானவர் தன் துணைவரோடு குருமனையிலேயே குடியிருக்கிறாராம். அதற்குச் சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். "கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேருக்கும் கேக் குடுத்துட்டு வந்தேம்மா" என்று போனில் சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் இன்னும் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. மகளிடம், "கேக்கு நெறையாக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

நேற்று மருமகள் எறும்பை விரட்டி, கேரியரை நன்றாகத் துலக்கி, ஈரம் போகத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டாள். நல்ல பெண். நான் அதை மறுபடி இறக்கச் சொன்னேன். அடி அடுக்குகள் இரண்டையும் திறந்து சர்க்கரையைப் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டாள்.

"யாருக்கு அத்தை?"

"ரெண்டு பேருக்கு" என்றேன்.