பக்கவாட்டுப் பொத்தான்

கண் அழுத்த நோய் என் வலக் கண்ணை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. இடக் கண்ணை ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டிருக்கிறது. அறுவை செய்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார் மருத்துவர். அறுவைக்கான தேதியைத் தொலைபேசியில் ஒரு பதிவுக் குரல் அறிவிக்கும். ஒன்றை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். தவறினால் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

என் கணவருக்குக் காது கேளாது. பஞ்சாலைத் தறிகளின் இரைச்சலில் போனது. ஆலை மூடியபின் பாகூரில் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உதடுகளைப் பார்த்தே என் பேச்சைப் புரிந்துகொள்வார். அழைப்பு வந்தால் கைப்பேசியின் விளக்கு மின்னும். அதைக் கண்டு என்னிடம் எடுத்துவருவார். கேட்பது நான், பார்ப்பது அவர். "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்டி" என்று சிரிப்பார்.

எனக்கு ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. மனை விற்பவர்கள் அழைத்தால் துண்டிக்க முடியவில்லை. வழவழத்த திரையில் அந்தச் சிவப்பு வட்டம் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் எதையோ மாற்றிக் கொடுத்தாள். "யக்கா, இனிமே தேடாத. சைடு பட்டன ஒரு அமுக்கு அமுக்கு, கால் கட்டாயிடும். பிளாட்டு விக்கிறவன் அப்பிடியே வாயத் தொறந்தபடி நிக்கட்டும்" என்றாள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வரை அந்த வசதியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. துண்டிப்பது என் வேலையாகவே இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் விளக்கு மின்னியது. சேற்றுக் காலோடு ஓடிவந்து கைப்பேசியை என் காதில் வைத்தார். அந்தக் குரல்தான். வியாழக்கிழமை என்றது, உறுதிசெய்ய ஒன்றை அழுத்தவும் என்றது. நான் ஒரு விரலைக் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கினார். காதோடு ஒட்டியிருந்ததால் திரை இருண்டிருந்தது. திரை இருண்டால் எவரும் அழுத்தும் பக்கவாட்டுப் பொத்தானைத்தான் அவரும் அழுத்தினார். அவர் கைக்குள்ளிருந்து மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"வெளிச்சம் போட்டேன். சாமி படந்தான் வருது. ஒன்னு எங்கடி இருக்குது?"

அவர் என் உதடுகளைப் பார்த்து நின்றார். "அவங்களே வச்சிட்டாங்க" என்றேன்.

அந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்க முடியவில்லை. மறுநாள் பேருந்தேறி மருத்துவமனைக்குப் போனோம். சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் கடுமையானவள் அல்ல. "மறுபடியும் கால் வரும்மா. வந்தா ஒன்ன அமுக்குங்க" என்றாள்.

"நேர்லயே வந்து நிக்கிறேனேம்மா."

"நேர்ல வந்தா சிஸ்டத்துல ஏறாதும்மா. இன்னொரு வாட்டி விட்டீங்கன்னா பேரே போயிடும்."

அன்றிலிருந்து அவர் வயலுக்குப் போகவில்லை. நீர் பாய்ச்ச வேறு ஆளைச் சொல்லிவிட்டு என்னருகிலேயே இருந்தார். நான் ஒவ்வொரு காலையும் நாட்காட்டித் தாளின் பெரிய எண்ணைப் பார்ப்பேன். முன்பெல்லாம் இரண்டு இலக்கமும் தெரியும். இப்போது தலையைத் திருப்பினால்தான் இரண்டாவது வருகிறது.

ஐந்தாம் நாள், பக்கத்தில் டக், டக் என்று ஓர் ஓசை இடைவிடாமல் கேட்டது. என்ன என்று அவர் தோளைத் தொட்டேன்.

"பழகுறேன்டி. அன்னிக்கு வெளிச்சம் போடறதுக்குள்ள அவன் வச்சிட்டான். இந்தத் தபா பாரு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போட்டுடுவேன்."

அவரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், என் மிச்சக் கண்ணை அழிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது.

அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, உதடுகள் நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்றும், அன்று என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் அறியேன். தலையைத் திருப்பித் தேடத் துணிவில்லை. அந்த ஓசை மட்டும் நின்றது. பிறகு கைப்பேசியை, சூடான பாத்திரத்தைத் தருவதுபோல், விளிம்பு படாமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி என் மடியில் வைத்தார்.

அழைப்பு இன்னும் வரவில்லை.