டிரில் மிஷின் பிடித்த கை

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டனில், சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு என்ன நோய் வந்தாலும் பழி சுரங்கத்தின் மேல்தான். இருமினால் தூசி, காது மந்தமானால் வெடி, கை நடுங்கினால் டிரில் மிஷின். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே தெரு கூடித் தீர்ப்புச் சொல்லிவிடும். சுரங்கம் மூடும்வரை டிரில் பிடித்த என் அப்பாவின் வலது கை, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறியபோதும் அதையேதான் சொன்னார்கள். நானும் ஆமாம் போட்டேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் என் பிழைப்பே வேறு. தினமும் காலை ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டே பெங்களூர் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்லின் உட்கருவுக்குள் எது போகிறது, எது வருகிறது என்று பார்க்கிறவள் நான். அந்த வாசலில் சரக்கை ஏற்றி இறக்குவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. அவை சரியாக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. அவை கெட்டால், உள்ளே இருக்க வேண்டிய புரதம் வெளியே கட்டிகட்டியாகத் தேங்கிவிடும். தசையை இயக்கும் நரம்புகள் சாகிற ஒரு நோயில் இதைத்தான் பார்க்கிறோம். பலருக்கு அது ஒரு கையில்தான் ஆரம்பிக்கும். அங்கே அதைப் படித்துவிட்டு வந்து, இங்கே அப்பாவின் கைக்கு இரண்டு வருஷம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். படித்த முட்டாள்!

கட்டைவிரல் சதை வற்றிய பிறகுதான் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சொன்னது அதே நோய்தான். அப்பாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை வைத்து நான் விளக்கினேன்.

"கேஜ் ஆளை மேல ஏத்தினு வருதுப்பா. திரும்ப எறக்க மாட்டேங்குது. மேல கும்பல் சேர்ந்து கெடக்குது, கீழ லெவல்ல வேலைக்கு ஆள் இல்ல."

உடனே புரிந்துகொண்டார். டாக்டர் அரைமணி நேரம் பேசியும் புரியாதது.

"சரி, கேஜை ரிப்பேர் பண்ண முடியுமா?"

"இன்னும் முடியலப்பா. அதுக்குத்தான் நாங்க வேலை பாக்கறோம். நோயைக் கொஞ்சம் மெதுவாக்க மருந்து இருக்குது. சீக்கிரமே ஆரம்பிச்சிருந்தா நல்லது."

வாயை அடக்கியிருக்கலாம். எனக்கு எப்போதும் வாய்தான் சனியன்.

"சீக்கிரம்னா எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்ன."



"அப்போ நீ இங்கதானம்மா இருந்தே?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல்தான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.