எதிர் வீட்டையும் பார்த்து வாங்குங்கள்

போன மாதம் வீடு பார்க்கப் போனோம். உடனே நாங்கள் குடியிருக்க அல்ல. எங்களுக்குத்தான் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் இருக்கிறதே! ஆனால் இவர் ரிட்டயரானதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் வெளியே ஒரு வீடு வாங்கி, அதுவரை வாடகைக்கு விட்டால்... என்று என் கணவருக்கு ஆசை. இத்தனை வருடச் சேமிப்பும் அதில்தான் போகும்.

எங்கே வாங்குவது? நான் வடலூர் என்றேன். அவர், சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்தைச் சொன்னார்.

"விலை பாதிதான். கான்ட்ராக்ட் ஆட்கள் குடிவர க்யூவுல நிப்பாங்க."

போனோம். நல்ல வெயில். தெருவில் ஒரு பக்கம்தான் ஆட்கள். எதிர்ப்பக்கத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தாகிவிட்டது. போனவர்கள் கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் சுவர்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. காலடியில் மட்டும் ஏதோ ஓர் அதிர்வு — தூரத்தில் ஓடும் மெஷின்கள்தான் என்றார் இவர்.

வீட்டுக்காரி அஞ்சலை நல்ல மாதிரி. வீடும் சுத்தம். கணவர் தலையாட்டிவிட்டார். அவர் தலையாட்டினால் முடிந்தது என்று அர்த்தம்!

"குந்துங்க, காபி போடறேன்" என்ற அஞ்சலை, வாசலில் நின்று எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "குப்பு! வூட்டுக்கு ஆளு வந்திருக்காங்க. பால் இருக்குதா?"

"தோ வரேன்க்கா..."

தெளிவான பெண் குரல். நான் தெருவைக் கடந்து போய் எட்டிப் பார்த்தேன். கூரையில்லை. உள்ளே ஆமணக்குச் செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. வேறு யாருமில்லை. திரும்பி வந்தேன்.

"அங்கே ஒருத்தரும் இல்லீங்களே?"

"குப்பு மேல்பட்டாம்பாக்கத்துல மவ வூட்டுக்குப் போயிட்டா. கூப்புட்டா மட்டும் இங்க பதில் சொல்லுவா." அஞ்சலை அடுப்பை ஊதியபடி சொன்னாள். "நானும் பையன்கிட்ட போவப் போறேன். குடி வர்றவங்ககிட்ட சொல்லி வையுங்க... தெனம் ஒரு தபா கூப்புடணும். இல்லன்னா தனியா பேசிக்கினு கெடப்பா, பாவம்."

பால் வரவில்லை. வரக்காபிதான் குடித்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. சொன்னால் சிரிப்பார். எங்கள் ஸ்டாப் நெருங்கும்போது அவரே மெல்லக் கேட்டார்.

"ஏன் மீனா... பதில் சொன்ன பொம்பளை எங்கே நின்னுக்கிட்டிருந்தா?"

போன வாரம் வடலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். பணத்தை வாங்கும்போது அந்த வீட்டின் சொந்தக்காரர் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. பக்கத்து வூட்ல புருஷன் பொண்டாட்டி தெனம் சண்டை. சத்தம் தாங்காது."

நானும் அவரும் ஒரே குரலில் கேட்டோம்: "அவங்களை நேர்ல பாத்திருக்கீங்கல்ல?"